இருத்தலியலும் ஆய்வேட்டின் மொழியும்

பல்கலைக்கழகத்தில் இருத்தலியலைப் பயில்வோர் பெரும்பாலும் சார்த்தரிலிருந்தோ காம்யுவிலிருந்தோ தொடங்குகின்றனர். மாணாக்கப் பருவத்தில் நாமும் அவ்வாறே தொடங்கினோம். மொழியியல் கற்ற பின்னர்த் திரும்பிப் பார்க்கையில், அவர்களுக்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னர்க் கோப்பன்ஹேகனில் எழுந்த ஒரு மொழிச் சிக்கலே நல்ல தொடக்கமாகத் தோன்றுகிறது.

இருத்தலியலின் முன்னோடி எனப்பெறும் சோரன் கீர்க்ககார்ட் 1830இல் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் இறையியல் மாணவராகச் சேர்ந்தார். சாக்ரடீசை முன்னிறுத்தி முரண்நகை பற்றி அவர் எழுதிய ஆய்வேடு 1841இல் நிறைவுற்றது. ஆய்வேட்டை இலத்தீனில் எழுதுவதே அக்கால முறை. அவரோ தம் தாய்மொழியாகிய டேனிஷில் எழுதியிருந்தார். அவ்வாறே ஏற்றுக்கொள்ளுமாறு மன்னர் எட்டாம் கிறிஸ்டியனுக்கு விண்ணப்பித்தார். இலத்தீன் அறியாமை இதற்குக் காரணம் அன்று. பள்ளியில் அம்மொழியைக் கற்பித்தவர் அவர். எடுத்துக்கொண்ட பொருளின் நவீனப் பகுதி இலத்தீனுக்குள் அடங்காது என்பதே அவர்தம் வாதம். இசைவு கிடைத்தது, ஆனால், முழுமையாக அன்று. ஆய்வுக் கருத்துரைகள் 15உம் இலத்தீனில் அமைந்தன. 1841 செப்டம்பர் 29ஆம் நாள் நடந்த வாய்மொழித் தேர்வும் இலத்தீனிலேயே 7 மணி நேரத்துக்கு மேல் நீண்டது. (தேர்வாளர்களின் பொறுமையும் நினைக்கத்தக்கதே.)

அடுத்த மாதம் அவர் பெர்லின் சென்று ஷெல்லிங்கின் விரிவுரைகளைக் கேட்டார். பிரெடரிக் எங்கெல்சும் அவ்விரிவுரைகளைக் கேட்டவர். தொடக்க ஆர்வம் விரைவில் ஏமாற்றமாயிற்று. 1842 மார்ச்சில் ஊர் திரும்பியவர், மறு ஆண்டு 'இதுவா அதுவா' நூலை டேனிஷிலேயே வெளியிட்டார். பேராசிரியர் பதவி எதனையும் அவர் வகித்ததில்லை.

அவர் வேண்டிப் பெற்ற உரிமையின் அருமையை நாம் வகுப்பறையிலேதான் உணர்ந்தோம். ஆங்கிலத்தில் படித்த சார்த்தரைத் தமிழில் விளக்கப் புகுந்தபோது திணறினோம். கலைச்சொல் இன்மையால் அன்று. 'இருத்தலியல்' என்னும் சொல் நிலைபெற்றிருந்தது. மனிதனுக்கு முன்வகுத்த இயல்பு ஏதுமில்லை, தன் செயல்களால் அவனே தன்னை ஆக்கிக்கொள்கிறான் என்னும் கருத்தை ஆங்கிலத் தொடரமைப்பின்வழியே சொல்ல முயன்றமையே தடை. ஒருவர் இருப்பதையும் அவர் ஆசிரியர் என்பதையும் ஆங்கிலம் ஒரே வினையால் கூறும். தமிழில் 'நான் இருக்கிறேன்' என்பதற்கு வினை வேண்டும். 'நான் ஆசிரியர்' என்பதற்கு வேண்டா. 'ஆசிரியராக இருக்கிறேன்' எனலாம். அது பெரும்பாலும் இப்போதைய நிலையைச் சுட்டும். 'ஆசிரியர் ஆனேன்' என்றாலோ, இடையே காலமும் மாற்றமும் புகுந்துவிடுகின்றன.

'இரு', 'ஆகு' என்னும் இரண்டையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிக் காட்டிய அன்று, பின்வரிசை மாணவி ஒருவர் எழுந்தார். "அப்படியென்றால், 'நான் கோழை' என்பதும் 'நான் கோழை ஆனேன்' என்பதும் ஒன்றல்லவே, ஐயா?" என்றார். 1945இல் பாரிசில் ஆற்றிய உரையில் சார்த்தர் கோழையைப் பற்றி வாதிட்டதும் இதையே. அம்மாணவி அவ்வுரையை அதுவரை படித்ததில்லை.