லிஸ்பன் அதிர்ந்த நாள்

கடவுள் உண்டோ இல்லையோ என்ற வாதம் எங்கட பக்டரியில் சாப்பாட்டு நேரத்திலும் வரும். அப்போது நான் லிஸ்பன் கதையைச் சொல்லுவேன்.

1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். போர்த்துக்கல் தலைநகரில் சனம் காலைப் பூசையில் நின்ற நேரம் பூமி அதிர்ந்தது. தேவாலயங்கள் அவர்கள் தலையிலேயே விழுந்தன. பீடத்து மெழுகுதிரிகளே நெருப்பை மூட்டின. ஆற்றங்கரைக்கு ஓடினவர்களைக் கடல் வந்து அள்ளியது.

இது பாவத்துக்குத் தண்டனை என்று மலகிரிதா என்ற யேசுசபைக் குரு 1756இல் எழுதினார். பால்குடிப் பிள்ளை என்ன பாவம் செய்தது என்று பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டயர் கேட்டார். கேட்டவர் நாத்திகர் ஆகிவிடவில்லை. எல்லாம் நன்மைக்கே என்ற சமாதானத்தைத்தான் கைவிட்டார். ஆறேழு மாடி வீடுகளை நெருக்கிக் கட்டினது மனிசர்தானே என்று ரூசோ அவருக்குக் கடிதம் எழுதினார். ரூசோவும் கடவுளை நம்பினவர்தான்.

"1621இல் நல்லூர்க் கோயிலை இடிச்சவங்கள்தானே, முருகன் விடுவாரோ?" என்றார் ஒரு அண்ணை. எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்படியெண்டால், 1995 யூலையில் நவாலித் தேவாலயத்தில் தஞ்சமிருந்து குண்டுவீச்சில் செத்த எங்கட சனத்துக்கும் யாரோ ஒருத்தர் கணக்குச் சொல்லுவார் என்றேன். அண்ணை தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு பேசாமல் எழும்பிப் போனார்.