உழவர் நிலமும் நஷ்ட ஈடும்

பொது நன்மைக்கு நிலம் தேவைப்படின் அரசாங்கம் அதனை எடுத்துக்கொள்ளலாம் என்பது பல நாடுகளும் ஒப்புக்கொண்ட கொள்கை. அதற்கு ஈடாக உழவனுக்குச் சேரவேண்டியது எவ்வளவு என்பதே தீராத வழக்கு. இந்தியாவில் இவ்வழக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் பழமையுடையது.

சாலை, கால்வாய் முதலியவற்றுக்கு நிலம் எடுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி 1824-ஆம் ஆண்டு வங்காளத்தில் ஒரு விதி செய்தது. பின்னர் இரயில் பாதைகள் பெருகவே சட்டங்களும் பெருகின. அவ்வரிசையில் வந்த 1894-ஆம் ஆண்டு நில ஆர்ஜிதச் சட்டம், நாடு விடுதலை பெற்ற பின்னரும் 2013-ஆம் ஆண்டின் இறுதிவரை நீடித்தது.

அச்சட்டம் நிலத்துக்குச் சந்தை விலையும், கட்டாயமாக எடுப்பதற்காக அதன்மேல் நூற்றுக்கு 15 வீதம் ஆறுதல் தொகையும் அளித்தது. ஆனால், நிலத்தை விட உடையவனுக்கு மனமில்லை என்பதைக் கணக்கில் சேர்க்கலாகாது என்றும் விதித்தது. சந்தை விலையோ பழைய கிரயப் பத்திரங்களைக் கொண்டு மதிக்கப்பட்டது. முத்திரைத் தீர்வைக்கு அஞ்சிப் பத்திரத்தில் விலையைக் குறைத்தெழுதும் வழக்கம் பரவியிருந்ததால், அதிகாரி கண்ட விலை உண்மை விலையினும் தாழ்ந்தே நின்றது. அந்நிலத்தில் கூலிக்கு உழைத்தவனுக்கோ எதுவும் இல்லை. 1984-இல் ஆறுதல் தொகை நூற்றுக்கு 30 ஆக உயர்ந்தது. கூலியாளின் நிலை மாறவில்லை.

2006-இல் மேற்கு வங்காளத்துச் சிங்கூரில் மோட்டார் கார்த் தொழிற்சாலைக்காக 997 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. உழவர் பலர் பணத்தை வாங்க மறுத்துப் போராடினர். 2008-இல் தொழிற்சாலை குஜராத்துக்குப் பெயர்ந்தது. இத்தகைய கிளர்ச்சிகளின் விளைவே 2013-ஆம் ஆண்டுப் புதுச் சட்டம். அதன்படி நாட்டுப்புற நிலத்துக்குச் சந்தை விலையைப்போல் நான்கு மடங்குவரை ஈடு கிடைக்கலாம். தனியார் கம்பெனிக்காக நிலம் எடுப்பதாயின், பாதிக்கப்படும் குடும்பங்களில் நூற்றுக்கு 80 இசைய வேண்டும். அந்நிலத்தை நம்பி மூன்றாண்டு பிழைத்த குத்தகைதாரரும் கூலியாட்களும் பாதிக்கப்பட்டோராக எண்ணப்பட்டனர். உடையவனின் மனமும் உழைத்தவனின் பிழைப்பும் இவ்வாறு கணக்கில் ஏறின.

2016 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் சிங்கூர் நிலங்களை உழவரிடமே திருப்பித் தர ஆணையிட்டது. முன்னரே நஷ்ட ஈடு பெற்றவர்கள் அதனைத் திருப்பித் தரவேண்டியதில்லை என்றும் கூறிற்று. பத்தாண்டு நிலத்தின் பயனை அவர்கள் இழந்திருந்தனர் என்பதே அதற்குக் காரணம். மண்ணின் விலை வேறு, அம்மண்ணால் நடந்த வாழ்வின் விலை வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் தீர்ப்பு அரிது.