பின்தங்கியவர் யார்?

பாடசாலையில் ஒரு பிள்ளை தேறவில்லையெனின், ‘அவனுக்குப் படிப்பு ஏறாது, அஃது அவன் தலையெழுத்து’ என்று கூறிவிடுதல் எளிது. அத்தீர்ப்புக்குச் சான்று யாது என்று கேட்போர் அரியர். அமெரிக்க நகரங்களில் பாடசாலைகளை ஆண்ட மேலதிகாரிகள் அக்கேள்வியைக் கேட்கத் தலைப்பட்ட வரலாறு, பிள்ளைகளைப் பெற்றோர் யாவரும் அறியத்தக்கது.

ஜோசப் மேயர் ரைஸ் என்பார் ஒரு குழந்தை வைத்தியர். அத்தொழிலை விடுத்துக் கல்வியாராய்ச்சியில் இறங்கிய அவர், 1890-களின் நடுவில் ஏறக்குறைய 33,000 பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டற் பரீட்சை நடத்தினார். நாடோறும் 15 நிமிடம் அப்பாடம் பயின்றவருக்கும், 40, 50 நிமிடம் வருந்திப் பயின்றவருக்கும் தேர்ச்சியிற் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. 1897-இல் மேலதிகாரிகள் மகாநாட்டில் இது பேசப்பட்டபோது எழுந்தது நன்றியன்று, சினமே. எழுத்துக்கூட்டல் பயிற்றுவது மனத்தைப் பண்படுத்துதற்கேயன்றி, பிழையற எழுதுதற்கன்று என்று வாதித்தாரும் உளர்!

எனினும் கேள்வி மடியவில்லை. 1904-இல் நியூயார்க் நகரப் பாடசாலைகளின் மேலதிகாரி வில்லியம் மாக்ஸ்வெல் தமது ஆண்டறிக்கையில் ஓர் உண்மையை வெளியிட்டார். ஆரம்பப் பாடசாலைகளில் தம் வகுப்புக்குரிய வயதைக் கடந்தும் அங்கேயே இருந்த பிள்ளைகள் 100-க்கு 39 பேர்! ஒருவரிருவர் தேறாவிடின் அவரைக் குறை கூறலாம். நூற்றுக்கு முப்பத்தொன்பதின்மரையும் மந்தரென்று தள்ளிவிட இயலுமோ?

இவ்வினாவுக்கு விடை தேடியவர் லெனார்டு அயர்ஸ். இவர் முன்னர்ப் போர்ட்டோரிக்கோ தீவிற் பாடசாலைகளின் மேலதிகாரியாக இருந்தவர். ரஸல் ஸேஜ் தர்மஸ்தாபனத்தின் சார்பிற் பல நகரங்களின் பாடசாலைக் கணக்குகளை ஆராய்ந்து 1909-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஏறக்குறைய மூன்றிலொரு பங்குப் பிள்ளைகள் வயதுக்கேற்ற வகுப்பில் இல்லை என்றும், ஒரே பாடத்தை மீண்டும் படிப்பிப்பதில் நகரங்கள் ஆண்டுதோறும் சுமார் 2 கோடியே 70 லட்சம் டாலர் வீணாக்குகின்றன என்றும் அவர் கணக்கிட்டார். பிந்திச் சேர்தல், ஒழுங்காக வாராமை, நோய் முதலியன காரணங்களாகக் காணப்பட்டன. குடியேறிய அயல்நாட்டார் பிள்ளைகளாலேயே இக்கேடு விளைந்தது என்ற பழிக்குக் கணக்குகள் சான்று தரவில்லை. இவற்றினும் முக்கியமானது, பாடத்திட்டம் நடுத்தரப் பிள்ளைக்கன்றி, கூர்மதி படைத்த பிள்ளைக்கே பொருந்த வகுக்கப்பட்டிருந்தது என்பதாம். பின்தங்கியது பிள்ளையன்று, பாடசாலையே!

இதன்பின் ஆராய்ச்சி, நிருவாகத்தின் ஓர் அங்கமாயிற்று. 1914-இல் பாஸ்டன், டெட்ராய்ட் நகரங்களின் பாடசாலை நிருவாகத்தில் அளவீட்டுக்கெனத் தனி இலாகாக்கள் எழுந்தன.

நிற்க. கணக்கு எப்போதும் நன்மையே செய்யும் என்று எண்ணற்க. 1913-இல் நியூட்டன் நகர மேலதிகாரி பிராங்க் ஸ்பால்டிங், ஒரு டாலருக்குக் கிரேக்கமாயின் மாணவர்தலைக்கு எண்ணும் பாடவேளை 5.9, பிரெஞ்சாயின் 23.8 கிட்டுகின்றன என்று காட்டி, அவ்விலைக்குக் கிரேக்கம் இனி வாங்கற்பாலதன்று என மொழிந்தார். கல்வி சந்தைச் சரக்காயிற்று. பிள்ளை கணக்கினின்று மறைந்தான்.

மற்றொருவர் அதே அளவுகோலை வேறுவகையிற் கையாண்டார். கார்ல்டன் வாஷ்பர்ன் 1919 முதல் 1943 வரை வின்னெட்கா என்னும் சிற்றூரின் மேலதிகாரி. கணிதம், வாசிப்பு முதலியவற்றில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் முன்னேறுமாறு அவர் பாடங்களைப் பகுத்தார். பரீட்சை, எப்பகுதி விளங்கவில்லை என்று காட்டும் கருவியாயிற்று. அப்பகுதியை மட்டும் மீண்டும் கற்றாற் போதும்; ஓராண்டு முழுவதையும் இழக்க வேண்டுவதில்லை. காலையிலும் மாலையிலும் எஞ்சிய பாதிநேரம் கூட்டுவேலைக்கும் கலைகளுக்கும் உரியதாயிற்று.

பேரேடு எழுதிப் பிழைக்கும் எம்போலியர் ஒன்றறிவர். தொகை சரியாயிருப்பதனாலேயே கணக்கு நேர்மையுடையதாகிவிடாது. எதன்பொருட்டு எண்ணினர் என்பதும் பார்த்தல் வேண்டும். ஆதலின், பெற்றோரே! ‘நும் பிள்ளை பின்தங்கிவிட்டான்’ என்று எவரேனும் கூறின், தலைகுனிந்து மீளாதீர். எத்துணைப் பிள்ளைகள் அவ்வாறு பின்தங்கினர், எப்பகுதியில் தவறினர், அதற்குப் பாடசாலை செய்தது யாது என வினவுங்கள். நும் பிள்ளைக்காக அவ்வினாவை எழுப்பும் உரிமையும் கடமையும் நும்முடையவே.