டேப்பில் பிறந்த பங்கு

பென்சில் முனையிலுள்ள கிராஃபைட், கார்பன் அணுக்களின் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும் பொருள். அதில் ஒரே ஒரு படலத்தை மட்டும் உரித்தெடுத்தால் கிராஃபீன். அதன் மின் இயல்பை 1947-லேயே பி. ஆர். வாலஸ் தாளில் கணக்கிட்டுவிட்டார். ஆனால் ஓர் அணு கனமுள்ள படலம் தனித்து நிலைக்காது என்றே இயற்பியலாளர் பலரும் நம்பினார்கள்.

கிராஃபைட்டின் மேற்பரப்பைச் சுத்தமாக்க ஆய்வகங்களில் ஒட்டும் டேப்பை ஒட்டி உரிப்பார்கள். உரித்த டேப் குப்பைக்குப் போய்விடும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் அந்த டேப்பில் ஒட்டியிருந்த துகள்களைத்தான் ஆராய்ந்தார்கள். அவர்கள் கட்டுரையை 'நேச்சர்' ஏற்க மறுத்தது. 2004 அக்டோபரில் 'சயின்ஸ்' வெளியிட்டது. 2010-ல் நோபல் பரிசு வந்தது.

எஃகைவிடப் பல மடங்கு வலிமை, மின்சாரத்தையும் வெப்பத்தையும் அபாரமாகக் கடத்தும் தன்மை என்றெல்லாம் செய்தி பரவியதும், இதில் எங்கே பணம் போடலாம் என்று மக்கள் தேடத் தொடங்கினார்கள். ஆனால் கெய்ம் கிராஃபீனுக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. கிராஃபீன் எவருடைய சொத்தும் அல்ல என்பதால், சந்தைக்கு வந்த ஒவ்வொரு நிறுவனமும் விற்றது கிராஃபீனைத் தயாரிக்கும் தன் சொந்த வழிமுறையைத்தான். கிராஃபீன் பங்கு என்ற ஒன்றின் பிறப்பிலேயே இந்தச் சிக்கல் கலந்திருக்கிறது.

இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கார்ல் கோல்மன் எத்தனாலிலிருந்து கிராஃபீன் செய்யும் முறையைக் கண்டார். அதை வைத்து 2010-ல் உருவான நிறுவனம், அப்ளைடு கிராஃபீன் மெட்டீரியல்ஸ் என்ற பெயரில் 2013 நவம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் சிறு நிறுவனங்களுக்கான ஏஐஎம் பிரிவில் பட்டியலானது. பங்கு 155 பென்ஸ். திரட்டியது சுமார் 1.1 கோடி பவுண்டு. ஹேடேல், இத்தாலியின் டைரக்டா பிளஸ் ஆகிய நிறுவனங்களும் அடுத்தடுத்து அதே சந்தைக்கு வந்தன.

பணம் வந்த வேகத்தில் ஆர்டர் வரவில்லை. இதற்காக யாரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கிராஃபீன் தனியாக விலைபோகும் சரக்கு அல்ல. பெயின்டிலும் பிளாஸ்டிக்கிலும் பெருங்காயம்போல் துளியளவு சேர்ப்பது. பெயின்ட் கம்பெனி முதலில் மாதிரியைப் பெற்று, கலந்து, உப்பு நீரிலும் வெயிலிலும் வைத்துச் சோதித்து, துருப்பிடிக்கவில்லை என்று தெரிந்த பிறகே வாங்க முன்வரும். அந்தச் சோதனைக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். அதுவரை சம்பளமும் வாடகையும் முதலீட்டாளர் பணத்திலிருந்தே போகவேண்டும்.

வாங்கும் பொருள் கிராஃபீன்தானா என்ற கேள்வியும் இருந்தது. பத்து அடுக்கு வரைக்கும்தான் கிராஃபீன் குடும்பத்தில் சேர்ப்பது; அதைத் தாண்டினால் சாதாரண கிராஃபைட். 2018-ல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு, உலகெங்கும் 60 தயாரிப்பாளர்களின் மாதிரிகளைச் சோதித்தது. பெரும்பாலானவற்றில் கிராஃபீன் 10 சதவீதம்கூட இல்லை. 50 சதவீதத்தைத் தாண்டியது ஒன்றுமில்லை. பங்கு வாங்குபவர் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் முதலில் தேடவேண்டியது, சரக்கைச் சோதித்த வெளி ஆய்வகத்தின் பெயரும், ஒருமுறை வாங்கிய வாடிக்கையாளர் மறுபடி வாங்கினாரா என்பதும்தான் என்பேன். நோபல் பரிசைப் பற்றிய பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்.

அதே 2018-ல் ஃபோர்டு, தன் கார்களின் இன்ஜின் பகுதிப் பாகங்களில் கிராஃபீன் கலந்த நுரையைப் பயன்படுத்தப் போவதாக அறிவித்தது. கலவையில் கிராஃபீன் அரை சதவீதத்துக்கும் குறைவு. இரைச்சல் 17 சதவீதம் குறைந்ததாகச் சொன்னார்கள். இதைவிட நல்ல வாடிக்கையாளர் யாருக்குக் கிடைக்கும்? ஆனாலும் ஃபோர்டுக்குக் கிராஃபீன் கொடுத்த மிச்சிகனின் எக்ஸ்ஜி சயின்சஸ் தாக்குப்பிடிக்கவில்லை. 2022-ல் அதன் சொத்துகள் மான்ட்ரியாலின் நானோஎக்ஸ்ப்ளோர் கைக்குப் போயின. அடுத்த ஆண்டே அப்ளைடு கிராஃபீனின் தொழிலைக் கனடாவின் யுனிவர்சல் மேட்டர் வாங்கிக்கொண்டது.

நானோஎக்ஸ்ப்ளோர் போன வழி வேறு. வாடிக்கையாளர் வரட்டும் என்று காத்திராமல், பிளாஸ்டிக், கூட்டுப்பொருள் பாகங்கள் செய்யும் ஆலைகளையே விலைக்கு வாங்கியது. லாரிகளுக்கான பாகங்கள் அங்கே உருவாகின்றன. நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பகுதி இந்தப் பாகங்களிலிருந்தே வருகிறது. கிராஃபீன் தூளை மட்டும் விற்று வருவது சிறு பங்கு.