குரங்குகள் சொன்ன செய்தி

மூதூர்ப் பக்கத்தில் மாட்டுப் பட்டி வைத்திருப்போருக்கு உண்ணி புதிதல்ல. ஆயினும் அந்தச் சிற்றுயிர் நோயைக் காவித் திரியும் என்பது விஞ்ஞானத்தில் நிறுவப்பட்டது 1893 ஆம் ஆண்டிலேயே. அமெரிக்காவில் மாடுகளைக் கொன்றுவந்த ரெக்சாஸ் காய்ச்சலை உண்ணியே பரப்புகிறது என்று தியோபோல்ட் ஸ்மித்தும் கில்போர்னும் காட்டினர். நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ரொஸ் கண்டது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துத்தான்.

உண்ணி மனிதரைக் கொன்ற கதையொன்று நமக்கு அண்மையிலேயே உண்டு. 1957 இல், அன்றைய மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டில் குரங்குகள் கூட்டமாகச் செத்து விழுந்தன. சுற்றுக் கிராமத்தவரும் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தனர். சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் குருதி கசிந்தது. முதலில் நெருப்புக் காய்ச்சல் (டைபாய்டு) என்றே கருதப்பட்டது. குரங்குகளின் சாவு தெரியவந்ததும், ஆசியா ஒருபோதும் கண்டிராத மஞ்சட் காய்ச்சல் வந்துவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது.

டெல்போர்ட் வொர்க் தலைமையில் புனே வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தினர் விரைந்தனர். அவர்கள் பிரித்தெடுத்த வைரஸ், மஞ்சட் காய்ச்சலுடையது அன்று. ரஷ்யக் காடுகளில் உண்ணிகள் பரப்பும் மூளைக் காய்ச்சல் வைரஸின் உறவு. காவியது ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜேரா என்னும் காட்டு உண்ணி.

அப்படியாயின் ரஷ்யாவிலிருந்து எப்படி வந்தது? வலசைப் பறவைகள் மீது ஐயம் விழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு சலீம் அலியின் குழுவினர் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்தனர். பறவைகள் நோயைக் கொணர்ந்தமைக்குச் சான்று கிடைக்கவில்லை.

விடை காலடியில் இருந்தது. வைரஸ் அக்காட்டின் எலிகளிடையே நெடுங்காலமாக ஓசையின்றி வாழ்ந்திருக்க வேண்டும் என்றும், புதிதாக வந்தது மனிதனின் கோடரியும் மாடுமே என்றும் ஜோர்ஜ் பொஷெல் 1969 இல் விளக்கினார். காடு வெட்டிய இடத்தில் புதர் மண்டியது, மாடு மேய்ந்தது. வளர்ந்த உண்ணிக்கு மாட்டின் இரத்தமே பெருவிருந்து. உண்டு விழுந்த ஒவ்வொரு பெண் உண்ணியும் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டது. வெளிவந்த குஞ்சுகள் எலியிலும் குரங்கிலும் ஏறி வைரஸைப் பெற்றன. அடுத்த பருவத்து இளம் உண்ணிதான் மனிதனைக் கடித்தது. குரங்கு செத்து விழும்போது அதன் உடலிலிருந்த உண்ணிகள் அவ்விடத்திலேயே சிதறின. விறகுக்கும் தழைக்கும் அவ்வழி போனவர் நோயாளியானார். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவதில்லை.

இந்த ஆய்வில் உழைத்தவர்களுள் பின்னர் புதுச்சேரி நோய்க்காவி ஆராய்ச்சி மையத்தின் இயக்குநரான பி. கே. ராஜகோபாலனும் ஒருவர் என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

ஆறு தசாப்தங்களுக்கு மேலாகியும் இதனைக் குணப்படுத்தும் மருந்து கிடைக்கவில்லை. பல்லாண்டு போடப்பட்ட தடுப்பூசியும் போதிய பயன் தரவில்லையென்று கைவிடப்பட்டது. 2012 இற்குப் பின் பந்திப்பூர், வயநாடு, கோவா என நோய் புதிய காடுகளிலும் தலைகாட்டியது. அன்றும் இன்றும் சாவது காட்டோரத்து ஏழையே.

பத்திரிகை அலுவலகத்தில் குரங்கு செத்ததை எவரும் செய்தியாகக் கொள்வதில்லை. கன்னடக் கிராமத்தவரோ இந்நோய்க்குக் குரங்கு நோய் என்றே பெயரிட்டுள்ளனர். காட்டில் குரங்கு செத்தால் அடுத்தது தம் வீடு என்பதை அவர்கள் அறிவர். மூதூரிலும் காட்டோரம் மாடு மேய்த்து விறகெடுத்து வாழ்வோர் பலர். அவர்கள் வந்து சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வைத்தியரும் வேண்டும், நிருபரும் வேண்டும்.