மனோன்மணீயம்: தழுவலும் இடப்பெயர்ப்பும்

ஆங்கில எழுத்தாளர் லிட்டன் பிரபு, இலண்டன் உயர்குடியினரின் வாழ்க்கையைச் சித்திரித்த ‘பெலாம்’ (1828) என்னும் புதினத்தால் புகழ்பெற்றவர். ஆயினும் தமிழ் நாடகம் அவரிடமிருந்து பெற்றது புதினமன்று. 1866இல் வெளிவந்த ‘மிலேட்டசின் மறைந்த கதைகள்’ என்னும் தொகுப்பிலுள்ள ‘இரகசிய வழி’ என்ற செய்யுட்கதையே ஆகும். திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) அதனைத் தழுவி ‘மனோன்மணீயம்’ என்னும் செய்யுள் நாடகத்தை 1891இல் வெளியிட்டார். கதை அயலார் தந்தது எனின் நூலைத் தமிழ்ப்படைப்பு என்பது எவ்வாறு பொருந்தும்? இவ்வினா மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியது.

லிட்டனுக்கும் இக்கதை சொந்தமன்று. ஒருவரையொருவர் கனவில் மட்டுமே கண்டு காதலுற்ற சரியாத்ரசு, ஒடாட்டிசு ஆகியோரின் கதையைக் கிரேக்க ஆசிரியர் அதினேயசு முன்னரே பதிவுசெய்துள்ளார். உஷை–அநிருத்தன் கதையை அறிந்த தமிழருக்குக் கனவுக்காதல் புதிதன்று. எனவே மனோன்மணியும் புருடோத்தமனும் கனவில் காதல்கொள்வது தமிழில் இயல்பாகப் பொருந்திற்று.

மாற்றம் நிகழ்ந்தது இடத்தில். பாண்டியன் சீவகன் தலைநகரை மதுரையிலிருந்து நெல்லைக்கு மாற்றுகிறான். சேரனுடன் மணஉறவு நாடிய அவனை அமைச்சன் குடிலன் நாஞ்சில் நாட்டின்மீது உரிமை கோரத் தூண்டுகிறான். தூது போராக முடிகிறது. நூல் வெளிவந்தபோது நாஞ்சில் நாடு தமிழ் வழங்கிய திருவிதாங்கூர்ப் பகுதி; 1956இலேயே அது தமிழகத்தோடு இணைந்தது. சேர நாட்டுத் தலைநகரில் வாழ்ந்த தமிழறிஞர், சேரனைத் தலைவனாகவும் பாண்டியன் மகளைத் தலைவியாகவும் அமைத்து, எல்லைப்பூசலைத் திருமணத்தில் முடித்தார். மூலத்தில் தொலைதூரத்து அரசுகளின் பகை, இங்கே வாசகர் நேரிலறிந்த எல்லையின் சிக்கலாயிற்று.

யாப்பும் இதற்குத் துணைநின்றது. நாடக உரையாடலுக்குப் பெரிதும் ஆசிரியப்பாவையே ஆசிரியர் கையாண்டார். இயைபுத் தொடை கட்டாயமாகாத அப்பாவுக்கு அடிப்பெருக்கத்தில் எல்லையின்மையால், வாதும் சூழ்ச்சியும் தனிமொழியும் தடையின்றி நீள முடிந்தது. அயல்வடிவத்தைப் பெயர்க்காமல், அதன் பயனைத் தரவல்ல வடிவத்தை அவர் தமிழிலேயே கண்டார்.

பெயர்களும் கருதத்தக்கன. சீவகன் என்பது சீவனையும், குடிலன் என்பது வஞ்சத்தையும் உணர்த்தும். லிட்டன் கதைக்குப் பெயர் தந்த மறைவழி, தமிழில் சுந்தர முனிவர் அமைத்த சுரங்கமாகிறது. அதனைப் பகைவனுக்குக் காட்டிக்கொடுக்க முயன்ற குடிலன் சிறைப்படுகிறான். அவ்வழியே வந்த சேரனுக்கு மனோன்மணி மாலை சூட்டுகிறாள். இக்காட்சியை ஆன்மா உய்வுபெறும் உருவகமாகவும் அறிஞர் கொள்வர்.

ஆதலின் தழுவலின் தரம் மூலத்திலிருந்து எத்துணை விலகிற்று என்பதால் மட்டும் அளவிடத்தக்கதன்று. பெறுமொழியில் முன்பே உள்ள கதைமரபையும் யாப்பையும் நிலத்தின் நினைவையும் அது எவ்வளவு பயன்கொண்டது என்பதே உரிய அளவுகோல். அவ்வகையில் மனோன்மணீயம் கடன்பெற்ற கதையாயினும் தமிழுக்கே உரிய நாடகமாகும்.