பல்கலைக்கழக வளாகங்களில் சிறார் பாதுகாப்பு

பல்கலைக்கழக வளாகங்களில் சிறார் பாதுகாப்பு என்பது, பதினெட்டு வயது நிறைவடையாதவர்கள் கல்லூரி அல்லது பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் முகாம், பயிற்சி, போட்டி, களப்பயணம் ஆகியவற்றில் கலந்துகொள்ளும்போது அவர்களுக்குத் தீங்கு நேராமல் காக்கும் சட்டங்களையும் நடைமுறைகளையும் குறிக்கும். இவற்றுள் பல, எங்கோ ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்த பிறகு எழுதப்பட்டவை. இவற்றின் வரலாற்றில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. குழந்தைகளிடம் அனுப்பப்பட்ட ஆளை யார் சரிபார்த்தார்கள்? குழந்தைக்கு நேர்ந்தது தெரியவந்தபோது அந்தச் செய்தி யாரிடம் போய் நின்றுவிட்டது?

வளாகத்தில் இருக்கும் சிறார்

பல்கலைக்கழகம் பெரியவர்கள் படிக்கும் இடம் என்பது பொதுவான எண்ணம். ஆனால் வளாகங்களில் சிறார் எப்போதும் இருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பை முடித்துச் சேரும் முதலாண்டு மாணவர்களில் பலர் பதினேழு வயதினர். சில வளாகங்களுக்குள்ளேயே பள்ளிகள் இயங்குகின்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் வனவாணி பள்ளியும் கேந்திரிய வித்யாலயாவும் உள்ளன.

வெளியிலிருந்து வந்து செல்லும் சிறார் இன்னும் அதிகம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய மாணவர் படையில் பள்ளி மாணவர்களும் உண்டு. அதன் பயிற்சி முகாம்கள் பல, கல்வி நிறுவன வளாகங்களில் நடக்கின்றன. நடுவண் அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2008இல் தொடங்கிய 'இன்ஸ்பயர்' திட்டத்தின்கீழ் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் பல்கலைக்கழகங்களில் நடக்கும் அறிவியல் முகாம்களுக்கு வருகிறார்கள். தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் அரசுப் பள்ளி மாணவர்களைக் கல்லூரிகளைப் பார்த்துவர அழைத்துச் செல்கிறது. வீட்டில் எவரும் கல்லூரிப் படி ஏறியிராத பிள்ளைக்கு இத்தகைய ஒருநாள் பயணம் பெரிய திறப்பு. ஆகவே வாயிலை மூடிவிடுவது இதற்குத் தீர்வாகாது.

பென்சில்வேனியா: சாவி வைத்திருந்தவர்

உலக அளவில் இத்துறையில் பெரும் திருப்பத்தை உண்டாக்கியது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வழக்கு. அங்கே கால்பந்து உதவிப் பயிற்சியாளராக இருந்த ஜெர்ரி சாண்டஸ்கி, வறிய சிறுவர்களுக்காக 1977இல் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன்வழி அறிமுகமான சிறுவர்களைப் பல்கலைக்கழக விளையாட்டுக் கட்டடங்களுக்கு அழைத்துவந்தார். 1998இல் ஒரு தாய் புகார் அளித்தார், பல்கலைக்கழகக் காவல் பிரிவு விசாரித்தது, வழக்குப் பதிவாகவில்லை. 1999இல் ஓய்வு பெற்ற பின்னரும் அக்கட்டடங்களுக்குள் சென்றுவரும் உரிமையும் சாவியும் அவரிடம் இருந்தன.

2001இல், குளியலறையில் ஒரு சிறுவனோடு அவரைக் கண்ட இளம் உதவியாளர் ஒருவர் தலைமைப் பயிற்சியாளரிடம் சொன்னார். செய்தி விளையாட்டு இயக்குநருக்கும் துணைத் தலைவருக்கும் தலைவருக்கும் போனது. காவல்துறைக்குப் போகவில்லை. சிறுவர்களை வளாகத்துக்கு அழைத்துவரக் கூடாது என்று சாண்டஸ்கியிடம் சொல்லப்பட்டது. அந்தச் சிறுவன் யார் என்று எவரும் தேடவில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து, 2011 நவம்பரில் சாண்டஸ்கி கைதானார். 2012இல் 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 30 முதல் 60 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் உட்பட மூன்று உயர் நிர்வாகிகளும் பிற்பாடு குழந்தைகளை ஆபத்தில் விட்ட குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். அதன் பிறகே அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, 'வளாகத்தில் சிறார்' என்ற தலைப்பில் தனி விதிகளை வகுத்தன. முகாம்களைப் பதிவு செய்தல், பணியாளரின் பின்னணியைச் சரிபார்த்தல், ஒரு பெரியவர் ஒரு குழந்தையுடன் தனித்திருப்பதைத் தவிர்த்தல், ஐயம் எழுந்த உடனே அறிவித்தல் ஆகியவை அவற்றின் பொதுக் கூறுகள்.

நரசீபுரமும் பர்கூரும்

தமிழ்நாட்டிலும் இவ்விரு கேள்விகளும் எழுந்திருக்கின்றன. 2018 ஜூலை 12 அன்று கோவை மாவட்டம் நரசீபுரத்தில் உள்ள ஒரு கல்லூரியில் பேரிடர் மீட்புப் பயிற்சி நடந்தது. கீழே மாணவர்கள் வலையைப் பிடித்து நிற்க, மாடியிலிருந்து குதிக்கத் தயங்கிய பத்தொன்பது வயது மாணவியைப் பயிற்சியாளர் தள்ளினார். அவர் முதல் தளத்துச் சன்ஷேடில் மோதி உயிரிழந்தார். அந்தப் பயிற்சிக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவித்தது. பயிற்சியாளர் கைது செய்யப்பட்டார். அம்மாணவி சட்டப்படி சிறார் அல்லர். ஆனாலும் உயர்ந்த பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த ஒருவர் சரிபார்க்கப்படாமல் வளாகத்துக்குள் நுழைந்து, மாணவர்களின் உடலுக்கு ஆபத்தான பயிற்சியை நடத்த முடிந்தது என்பதால் இந்நிகழ்வு இங்கே குறிப்பிடத்தக்கது.

2024 ஆகஸ்டுத் தொடக்கத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் தேசிய மாணவர் படை முகாம் என்ற பெயரில் ஒரு முகாம் நடந்தது. மாணவிகள் பள்ளியிலேயே தங்கியிருந்தனர். அப்போது எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகப் புகார் எழுந்தது. முகாமை நடத்தியவருக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று தேசிய மாணவர் படை தெரிவித்தது. மாணவிகள் சொன்னதைக் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினர் மீதும் நடவடிக்கை எடுக்கப்பட்டது. தமிழக அரசு சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. முதன்மைக் குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணைக் காலத்திலேயே இறந்தார்.

பென்சில்வேனியாவிலிருந்து பர்கூர் வெகு தொலைவில் உள்ளது. ஆனால் தவறு நுழைந்த வழி ஒன்றே. ஓரிடத்தில் புகழ்பெற்ற பயிற்சியாளர் என்ற பெயர் சோதனைக்கு மாற்றாக நின்றது. மற்றோரிடத்தில் சீருடை நின்றது. இரண்டிலும் செய்தி நிறுவனத்தின் வாசலைத் தாண்டவில்லை.

இந்தியச் சட்டத்தின் வளர்ச்சி

குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றுவதில் சென்னை மாகாணம் முன்னோடி. 1920ஆம் ஆண்டுச் சென்னைக் குழந்தைகள் சட்டம் இந்திய மாகாணங்களில் முதலாவது. 1992இல் இந்தியா ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றது. 2007இல் நடுவண் அரசு வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளிடம் கேட்கப்பட்டது. அவர்களில் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தீங்கைச் சந்தித்ததாகக் கூறினர். தீங்கிழைத்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

2012 நவம்பர் 14 அன்று பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் (போக்சோ) நடைமுறைக்கு வந்தது. கல்வி நிறுவன நிர்வாகியோ பணியாளரோ அந்நிறுவனத்துக் குழந்தையிடம் குற்றம் புரிந்தால் அது கடுமையான குற்றமாகக் கருதப்படும். இதன் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தவரும் நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. நல்லெண்ணத்துடன் அறிவித்தவர் மீது வழக்குத் தொடர முடியாது. அறிவிக்கத் தவறியவருக்கு 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். தமக்குக் கீழ்ப் பணியாற்றுபவரின் குற்றத்தை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை விதிக்கலாம். 2022 நவம்பரில், மகாராஷ்டிரப் பள்ளி விடுதி ஒன்று தொடர்பான வழக்கில், தெரிந்தும் அறிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

முதல் கேள்விக்கான விடை 2020ஆம் ஆண்டுப் போக்சோ விதிகளில் உள்ளது. பள்ளி, விளையாட்டுப் பயிற்சி மையம் போலக் குழந்தைகளுடன் தொடர்ந்து பழகும் நிறுவனங்கள், நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்ற வேறுபாடின்றி எல்லாரையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும். 2021இல் சென்னைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மீது முன்னாள் மாணவிகளின் புகார்கள் வெளிவந்த பின், தமிழக அரசு பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்க ஆணையிட்டது. 'மாணவர் மனசு' பெட்டிகளும் வைக்கப்பட்டன.

பல்கலைக்கழகங்களின் நிலை வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி அங்கே உள் புகார்க் குழு உண்டு. அது மாணவர், ஊழியரின் புகாரை விசாரிக்கும். ஆனால் பாதிக்கப்பட்டவர் சிறார் எனில், 'முதலில் குழு விசாரிக்கட்டும்' என்று காத்திருக்கச் சட்டம் இடம் தரவில்லை. அறிவிக்கும் கடமை உடனே தொடங்கிவிடுகிறது.

எல்லையோரத்துக் கிராமம்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ள இரும்பை, மாகாளேசுவரர் கோயிலால் அறியப்பட்ட தேவாரத் தலம். அருகே ஆரோவில். வடக்கே கடலோரமாகச் சென்றால் மரக்காணம் உப்பளங்கள். கிழக்கே காலாப்பட்டில், 1985இல் தொடங்கப்பட்ட புதுச்சேரிப் பல்கலைக்கழகம். அதன் அருகே பிள்ளைச்சாவடியில் புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இரும்பைப் பள்ளி மாணவருக்கோ உப்பளத் தொழிலாளியின் மகளுக்கோ மிக அருகில் உள்ள பல்கலைக்கழக வளாகங்கள் இவை. அங்கே ஒரு முகாமுக்குப் போகும் பிள்ளை, சில கிலோமீட்டர் தூரத்தில் தமிழ்நாட்டைக் கடந்து புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குள் நுழைகிறது.

தமிழக அரசின் பள்ளிக் குழு ஆணை எல்லைக்கு அப்பால் செல்லாது. போக்சோ நடுவண் சட்டம் என்பதால் இருபுறமும் செல்லும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். 'இது எங்கள் எல்லைக்குள் வராது' என்று திருப்பி அனுப்பக் கூடாது. கூலி வேலைக்குப் போகும் தாய் ஒருவர் இரண்டு மாநிலக் காவல் நிலையங்களுக்கிடையே அலையாமல் இருக்க இந்தப் பிரிவு உதவுகிறது. 1996இல் மும்பையில் தொடங்கிய 1098 குழந்தைகள் உதவி எண்ணும் இரண்டு பகுதிகளிலும் இயங்குகிறது. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு 14417 என்ற கல்வி உதவி எண்ணும் உண்டு.

ஒப்புதல் கடிதம்

முகாமுக்குச் செல்லும் மாணவர்களிடம் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் வாங்குவது பள்ளிகளில் பழைய வழக்கம். அக்கடிதத்தில் பெரும்பாலும் பெற்றோரின் பொறுப்பு மட்டுமே எழுதப்பட்டிருக்கும். மேலே கண்ட நிகழ்வுகளை வைத்துப் பார்த்தால், அழைக்கும் நிறுவனத்தின் பொறுப்பும் அதே தாளில் இருக்க வேண்டும். முகாமை நடத்துபவர் யார், அவர் சொல்லும் அமைப்பிடம் நேரடியாகக் கேட்டு உறுதி செய்யப்பட்டதா, இரவில் யார் உடனிருப்பார்கள், பெண் ஆசிரியர் உண்டா, பிள்ளைக்கு ஒரு சங்கடம் என்றால் நிறுவனத்துக்கு வெளியே யாரிடம் பேசலாம் என்ற விவரங்கள் அதில் இடம்பெறலாம். இதற்கு அரை மணி நேரமும் ஒரு தொலைபேசி அழைப்பும் போதும். பர்கூரில் தேசிய மாணவர் படை அலுவலகத்துக்கு அந்த ஓர் அழைப்பு முன்பே போயிருந்தால், அந்த முகாம் தொடங்கியே இருக்காது.